பாவா மாட்டிய சைலன்சர்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, என் படுக்கைக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது.

அப்படித்தான் நினைத்தேன். திருத்தணியில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். வாரம் பூராவும் சென்னையில் பஸ் ஹாரன் கேட்டுக் காது புளித்துப்போய், ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று ரயிலேறி வந்த மனிதன் நான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கடகடத்தன. எழுந்து, போர்வையோடு தெருவுக்கே ஓடிவிட்டேன்.

தெருவில்… ஒரு பரபரப்பும் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் நிதானமாகக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என்னையும் என் போர்வையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாங்க, பயந்துட்டீங்களா? உங்க பாவா வண்டிதாங்க. தினிக்கும் இந்த நேரத்துக்குத்தான் சத்தம் வரும். அத்த வெச்சித்தான் நாங்க அடுப்பு பத்த வெக்கறது" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து விட்ட புள்ளியைத் தொடர்ந்தார். ஒரு தெருவே ஒரு காரின் சைலன்சரைக் கேட்டு எழுந்திருக்கிறது. அலாரம் கடிகாரம் விற்கிறவர்கள் இந்த ஊர்ப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் பாவாவைத் தெரியும். தென்னை மரம் ஏறுவதற்கு மோட்டார் வைத்த ஏணி செய்து, மரத்தின் பாதியில் நின்றுகொண்டு ஊரைக் கூப்பிட்டாரே… அவர்தான். புதிதாக வந்தவர்களுக்காக — பாவா என்றால் அக்கா புருஷன். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்து முறைப்பெயர்களில் பாதி தெலுங்கு. பெயர் முனிரத்தினம். ஆர்.கே.பேட்டை ரோட்டில் பரம்பரை நிலம். கரும்பு, கொஞ்சம் நெல். உரம், விதை, வக்கீல், வானிலை எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். ஊரில் நாலு பேர் யோசனை கேட்டு வருவார்கள்.

அந்த நாலு பேரும் அவருடைய காரைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அது ஒரு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். நான் பிறப்பதற்கு முன்பே பிறந்தது. இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் லாரி வந்தால் அதன் அடிவயிற்றைப் பார்க்கலாம். நிறம் சிவப்பு என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. சென்னையில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது கராஜில் கிடந்ததாம். பங்களாவோடு சேர்த்து அதையும் இடித்திருந்தால் இன்றைக்கு நான் இந்தப் பத்தியை வேறு விஷயம் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். பாவா வாங்கிவிட்டார்.

"இது ஓடாதுபோலிருக்கே பாவா" என்று நான் முதல் நாளே சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

உண்மையில் நான் சொன்னது தப்பு. அது ஓடும். போகும்போது ஜம்மென்று ஓடும். திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. எஞ்சின் சூடாகிவிட்டால் ஒருமுறை அணைத்ததோடு சரி… ஆறும்வரை கிளம்பாது. அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு இதில் போன அக்கா, திரும்பி வந்தது பாசஞ்சர் ரயிலில். சோளிங்கர் போனவள் வந்தது செங்கல் லாரியில். மணவூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளியிருக்கிறாள். அங்கே அன்றைக்கு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் இவளைப் பார்த்துவிட்டு ரயிலைக்கூடக் கோட்டைவிட்டிருப்பார்கள்.

அதிலிருந்து அக்கா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். மற்ற பெண்கள் வெளியே கிளம்பும்போது பர்ஸ் எடுத்துக்கொள்வார்கள். இவள் கயிறு எடுத்துக்கொள்வாள். நல்ல கெட்டியான மஞ்சள் நைலான் கயிறு. எங்கே வண்டி நின்றாலும் எந்த டிராக்டர்காரராவது கட்டி இழுத்துவர வசதியாக.

சரி, சைலன்சருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மாடு.

அக்கா வீட்டுப் பின்புறத்தில் தகரம் போட்ட ஷெட் ஒன்று உண்டு. அவள் கல்யாணமாகி வந்தபோது அதில் மாடு இருந்தது. கார் வந்ததும் மாடு போய்விட்டது. ஏனென்றால் மாடு மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாதாம். கார் நனைந்தால் துரு பிடிக்குமாம். வீடு நிறையக் கரும்புத் தோகையும் வைக்கோலும் இருக்க, அக்கா தெருமுனைக் கடையில் பாக்கெட் பால் வாங்கிக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? எட்டு வருஷம் பொறுத்தாள். ஒரு நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், தீர்ப்பு சொல்லிவிட்டாள். நானும் அப்போது பக்கத்து இலையில் இருந்தேன்.

"தை மாசம் வரைக்கும் டைம் தர்றேன். இந்த வண்டியில என்னை மலைக்கு கூட்டிகினு போயி, இதே வண்டியில வூட்டு வாசல்ல கொண்டாந்து எறக்குங்க. ஒரு தபா போதும். எறக்கிட்டா, அது ஆயுசுக்கும் ஷெட்டுல படுத்துக்கட்டும். இல்லன்னா வண்டி பழைய இரும்புக்குப் போவும், ஷெட்டுல மாடு வரும்."

"ஆங், அவ்ளோதான?" என்றார் பாவா. ஆனால் ரசத்துக்குக் கை நீட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார். அக்கா சொன்னால் செய்வாள். அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டிலிருந்து மலைக்கோயில் ஒன்றும் இமயமலை இல்லை. அடிவாரத்தை ஒட்டிய தெருதான். ஏறி, சாமி பார்த்து, இறங்க வேண்டும். இந்த நிலைமையில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? ரேடியேட்டரைப் பார்ப்பான். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வான். புது பேட்டரி வாங்குவான். பாவா என்ன செய்தார்? அமெரிக்காவுக்குப் போன் போட்டார்.

அந்த வருஷம் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் 2000 ஜனவரி முதல் தேதியன்று நின்றுபோய்விடும் என்று பயந்து, அவற்றைக் காப்பாற்ற எங்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் அமெரிக்கா போயிருந்தார்கள். பாவாவின் அண்ணன் மகனும் போயிருந்தான். உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவனிடம் பாவா ஒரு சைலன்சர் கேட்டார்.

"எதுக்குப் பாவா?" என்றேன்.

"மலை ஏறணும்னா மூச்சு வோணும் மச்சான். இந்த வண்டிக்கு மூச்சு அடைக்குது. பழைய சைலன்சர் அதோட கழுத்தைப் புடிச்சிகினு கீது. நல்ல கொழாயா மாட்டிப் பாரு… பறக்கும்!"

பழைய சைலன்சர் யார் கழுத்தையும் பிடிக்கிற நிலைமையில் இல்லை என்பது வேறு விஷயம். அது முக்கால்வாசி மண்ணெண்ணெய் டின் தகடு. ஓட்டை விழ விழ ஒட்டுப் போட்டதில், இங்கிலாந்தில் செய்த பாகம் எது, திருத்தணியில் செய்த பாகம் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

பெட்டி வந்தது. ஆள் உயரம். பாவா அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பிரித்தார். உள்ளே பளபளவென்று எவர்சில்வர் குழாய்கள். எஞ்சினோடு சேருகிற இடத்துக்கு நாலு விரல் மாதிரி வளைந்த ஒரு குழாய், நடுவில் நீளமாக ஒன்று, உருளையாக ஒரு டப்பா, கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்க இரட்டைக் குழல். அக்கா வந்து உருளையைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கனமான எவர்சில்வர்தான். இதுல ரெண்டு அண்டா பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூடவே ஒரு புத்தகம். வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை, வீட்டிலேயே ஒரு மதியப் பொழுதில் மாட்டிவிடலாம் என்று போட்டிருந்தது. அதை எழுதியவர் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பழக்கம் இல்லாதவராக இருக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் தாஸுக்கு அந்தப் பழக்கம் உண்டு. தாஸ், திருவாலங்காட்டில் கரும்பு டிராக்டர்களைப் பார்க்கிறவர். டிராக்டரைப் பொறுத்தவரை அவரை மிஞ்ச ஆளில்லை. காரைப் பொறுத்தவரை, அதுவும் ஒரு குட்டை டிராக்டர் என்பது அவர் அபிப்பிராயம்.

முதல் சிக்கல், வண்டிக்கு அடியில் எப்படிப் போவது? கார் அவ்வளவு தாழ்வு. ஜாக்கி வைத்தாலும் ஒரு பூனைதான் நுழையலாம். அப்போதுதான் பாவாவுக்கு அந்த யோசனை வந்தது. நிலத்தில், பம்ப் செட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் கால்வாய் இருக்கிறதல்லவா? காரைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இரண்டு சக்கரம், அந்தப் பக்கம் இரண்டு சக்கரமாக நிறுத்திவிட்டால், தாஸ் கால்வாய்க்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். கால்வாய் காய்ந்து கிடந்தது. யோசனையில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. நானே பாராட்டினேன்.

பழைய சைலன்சர் அதிகத் தொந்தரவு தரவில்லை. ஸ்பேனரைப் பார்த்ததுமே விழுந்துவிட்டது. எஞ்சின் பக்கத்து போல்ட்டுகள் மட்டும் துருவில் ஊறி, வருவேனா என்றன. மண்ணெண்ணெய் ஊற்றி, கேஸ் வைத்துச் சூடுகாட்டி, உளியால் தட்டி, கெட்ட வார்த்தை சொல்லி எடுத்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது.

புதுக் குழாயைத் தூக்கிப் பிடித்தால்… பொருந்தவில்லை. ஸ்டீரிங் தண்டு குறுக்கே நின்றது. அமெரிக்காக்காரன் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவன் என்பதும், அங்கே வாங்கினால் அந்தப் பக்கத்துக்கான குழாய்தான் வரும் என்பதும் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றப் போன பிள்ளைக்குத் தோன்றவில்லை. பாவா இடிந்துபோய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தை மாதம் வேறு பிறந்துவிட்டது.

"இதுக்குப் போயி ஏன் நைனா கவலைப்படுற? ஒரு சின்ன பள்ளம் போட்டா ஸ்டீரிங்குக்கு வழி விட்டுடும்" என்று தாஸ் சுத்தியலை எடுத்தார்.

அந்தப் பளபளப்பின் மேல் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் பாவா கண்ணை மூடிக்கொண்டார். குழந்தைக்குக் காது குத்தும்போது தகப்பன்மார் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பள்ளம் விழுந்தபின் பொருந்திவிட்டது.

அடுத்தது பின்பக்கம். தாஸ் கால்வாய்க்குள் போய்ப் படுத்தார். காலும் வேட்டியும் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து ஒரு ஆலோசனை வந்தது.

"நைனா, இத்த பின்னால நீட்றதுக்குப் பதிலா, சைடுல நேரா மேல தூக்கி வெச்சிடலாமா? டிராக்டருக்கு அப்படித்தான். ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்காது. புகையும் ஒசரமா போயிடும்."

"இது இங்கிலீஷ் வண்டிப்பா!" என்று பாவா அலறினார்.

"இருந்தா இன்னா? புகை மேலதான போவுது?"

இதற்குப் பாவா பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கரண்ட் வந்தது.

நகரத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். பம்ப் செட்டுக்கான த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக ராப்பகலாக மோட்டார் பக்கத்திலேயே குடியிருக்க முடியுமா? அதனால் எங்கள் பக்கத்தில் மோட்டார் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. கரண்ட் வந்த நிமிஷம் மோட்டார் தானாகக் கிளம்பும்படி ஒரு ஆட்டோமேட்டிக் பெட்டி வைத்துவிடுவார்கள். எல்லா நாளும் சுவிட்ச் போட்டே இருக்கும். அன்றைக்கும் போட்டே இருந்தது.

மோட்டார் உறுமியதும், பாவா இத்தனை வருஷப் பழக்கத்தில் முகம் மலர்ந்து, "ஆங்! கரண்ட் வந்துச்சி!" என்று கை தட்டினார். நானும் சிரித்தேன். விவசாயிகள் வீட்டில் கரண்ட் வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த கணம் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து கால்வாய்க்குள் இறங்கியது.

"நைனா! தண்ணி! யோவ் நைனா… மோட்டாரை நிறுத்துய்யா!"

பாவா மோட்டாரை நோக்கி ஓட, நான் தாஸின் கால்களைப் பிடித்து இழுத்தேன். மனிதர் சேறும் சகதியுமாக, வலது கையில் ஸ்பேனரை விடாமல் வெளியே வந்தார். அடி எதுவும் இல்லை. புது இரட்டைக் குழலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கரும்புக்குப் போக வேண்டிய தண்ணீர் முதல் முதலாகக் காருக்குப் பாய்ந்தது. தாஸ் தலையைத் துவட்டிக்கொண்டே, "மேல வெச்சிருந்தா தண்ணி பூந்திருக்காது" என்றார்.

சாயங்காலம் எஞ்சினைக் கிளப்பினார் பாவா.

என்னத்தைச் சொல்ல? முதலில் குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் பீறிட்டது. பிறகு சத்தம் வந்தது. வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமாக எழுந்து ஆந்திராவுக்குப் போய்விட்டன. கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தவன் பாவாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"மச்சான்… இதான் அதோட கொரலு. இத்தினி வருஷமா நான் கேட்டதே இல்ல" என்றார்.

நானும் பானெட்டை ஒருமுறை தட்டிக்கொடுத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது… எஞ்சின் அதே எஞ்சின். கார்புரேட்டர் அதே கார்புரேட்டர். சூடானால் நிற்கிற வியாதி அப்படியே இருக்கிறது. குரல் மட்டும்தான் புதிது! ஆனால் இதற்குப் பாவாவை மட்டும் குறை சொல்வானேன்? எங்கள் ஆபீஸில் வேலை நகரவில்லை என்றால் மேனேஜர் மைக் வைத்து மீட்டிங் போடுகிறார். தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் வாக்குறுதி ஒலிபெருக்கியில் வருகிறது. உள்ளே பழுது பார்ப்பது கஷ்டம். வெளியே சத்தத்தை மாற்றுவது சுலபம். பாவாவாவது நல்ல எவர்சில்வரில் மாற்றினார்.

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினார்கள். இரண்டே சீட் என்பதால் நான் பின்னால் பாவாவின் ஸ்கூட்டரில். அக்கா மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து என் ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"பின்னாடியே வாடா. ரொம்ப தள்ளி வராத" என்றாள்.

வண்டி மலைப்பாதையில் ஏறியது. நானே நம்பவில்லை. அந்த முழக்கத்தைக் கேட்டு நடந்து போனவர்கள் ஓரமாக ஒதுங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். அக்கா ஒரு கையால் தலைப்பூவையும் இன்னொரு கையால் காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். மேலே, வண்டிகளுக்குப் பூஜை போடுகிற இடத்தில் பாவா கம்பீரமாக நிறுத்தினார். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. அணைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

குருக்கள் வந்தார். பாவாவின் குடும்பத்துக்குப் பல வருஷப் பழக்கம்.

"என்ன முனிரத்தினம், புது வண்டியா?"

"வண்டி பழசு சாமி. சைலன்சர் புதுசு."

"சைலன்சருக்கா பூஜை? இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே…" என்று யோசித்தவர், "அதனாலென்ன, பண்ணிட்டாப் போச்சு" என்று பின்பக்கம் போனார். இரட்டைக் குழலுக்கும் சந்தனம் வைக்கப் பார்த்து, "ஐயோ, சுடறதே!" என்று விரலை உதறினார். பிறகு தட்டில் விபூதியும் கற்பூரமுமாகக் குழலுக்கு நேரே நின்றார். எஞ்சின் தள்ளாடுகிற மாதிரி இருந்ததா, பாவாவுக்குப் பயம். ஆக்சிலேட்டரை லேசாக ஒரு மிதி மிதித்தார்.

கற்பூரம் அணைந்தது. தட்டிலிருந்த விபூதி மொத்தமும் மேகமாக எழுந்தது. பக்கத்தில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம், மொட்டை போட்டு ஈரச் சந்தனம் பூசிய தலைகளோடு நின்றுகொண்டிருந்தது. விபூதி சாவகாசமாகப் போய் அத்தனை தலையிலும் இறங்கியது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே குரலில், "அரோகரா!" என்றார்கள்.

குருக்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டியை நிறுத்தும் ஓய். ரெண்டு நிமிஷம்."

"நிறுத்தினா… சாமி…" பாவா அக்காவைப் பார்த்தார்.

"சாமி சொல்றாருல்ல? நிறுத்துங்க" என்றாள் அக்கா. பக்தியில் சொன்னாளா, மாட்டை நினைத்துச் சொன்னாளா? முருகனுக்குத்தான் தெரியும்.

பாவா சாவியைத் திருப்பினார். பூஜை அமைதியாக, அழகாக நடந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நெற்றியில் விபூதியோடு பாவா மறுபடியும் சாவியைத் திருப்பினார். வண்டிக்கடியில் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி டக். எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை.

பாவா அசரவில்லை. "இறக்கம்தான வசந்தா, ஏறிக்க" என்றார் அக்காவிடம். சித்தூர்க்காரர்கள் தள்ளிவிட்டார்கள். கார் பிரேக்கை மட்டும் நம்பி, எஞ்சின் இல்லாமல், உருள ஆரம்பித்தது. நானும் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுப் பின்னால் உருண்டேன். சத்தமே இல்லை. தை மாதத்துக் காற்று. கீழே ஊரும் வயலும் தெரிந்தன. அக்கா காதிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வளைவில் அவள் சொன்னது எனக்கே கேட்டது.

"இப்பதாங்க வண்டி நல்லா கீது."

அமெரிக்காவிலிருந்து வந்த சைலன்சருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. பாவாவுக்குக் காதுமடல் சிவந்திருந்தது.

அடிவாரம் தாண்டி, எங்கள் தெருமுனை திரும்பி, வண்டி மெதுவாகி… மெதுவாகி… வீட்டுக்கு நாலு வாசல் முன்னால் நின்றது. இருவரும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"வூடு தெரியுது பாரு வசந்தா. வந்த மாதிரியே வெச்சிக்கலாமே."

"தெரியுது. வாசலுக்கு வரலையே."

"நீதான நிறுத்தச் சொன்ன? நிறுத்தாம இருந்தா வந்திருப்பேன்."

அக்கா இறங்கி வந்து, என் ஹேண்டில்பாரிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இழுக்கவா அக்கா?" என்றேன்.

"இல்லடா. மாட்டுக்கு" என்றவள், பாவா பக்கம் திரும்பி, "நிறுத்தச் சொன்னது நான்தான். அதனால பாதி ஷெட் உங்களுக்கு. இரும்புக்கடைக்கு அனுப்பல. போதுமா?" என்றாள்.

ஷெட்டில் நடுவே ஒரு மூங்கில் கட்டினார்கள். ஒரு பக்கம், வால் வாசலைப் பார்க்கும்படி கார். இன்னொரு பக்கம், ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த கறவை மாடு, மஞ்சள் கயிற்றில். பேட்டரி இறங்கிவிடும் என்று பாவா தினமும் விடியற்காலை வண்டியைக் கிளப்பினார். ராத்திரி ஆறிக் கிடந்ததால் சமர்த்தாகக் கிளம்பியது. முதல் நாள் மாடு உதைத்ததில் பால் சொம்பு சுவரேறிக் குதித்ததாம். ஒரே வாரத்தில் கார் வெளியே போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வர வாய்க்கவில்லை.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை, போர்வையோடு ஷெட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

பாவா காரில் இல்லை. குந்தி உட்கார்ந்து மாட்டைக் கறந்துகொண்டிருந்தார். பால் சொம்பில் நுரைத்து இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில், கொண்டையை முடிந்துகொண்டு, ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடி — என் அக்கா!

"ஒரு தபா பாவா நெல்லூருக்குப் போயி நாலு நாள் தங்கிட்டாருடா!" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "இது சொட்டு பால் விடல! கன்னு விட்டுப் பார்த்தேன், தவிடு வெச்சிப் பார்த்தேன், சுத்திப் போட்டேன். ஊஹும். அப்பறம் யோசனை வந்து சாவிய திருப்பினேன்… கொட்டுது! இந்தச் சத்தம் கேட்டாத்தான் விடுது!"

"அப்போ பாவாவே மிதிக்கலாமே? நீ கறக்கலாமே?"

"அவரு காலு அடங்காதுடா! ஜாஸ்தி மிதிச்சா ஒதைக்கும், கொறைஞ்சா நின்னுடும். இதுக்கு ஒரு பக்குவம் வோணும்!"

பெட்ரோல் போட்டுப் பால் கறக்கிற வீடு இந்தியாவிலேயே இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பாவாவைப் பார்த்தேன். மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்து, ஒரு காதை இரட்டைக் குழல் பக்கம் வைத்துக்கொண்டு, சிரித்தபடி கறந்துகொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்ட குரலைத் தினமும் பக்கத்திலிருந்து கேட்கிறார். அக்கா ஆசைப்பட்ட பாலைத் தினமும் காய்ச்சுகிறாள். வண்டி ஓரடி நகர்வதில்லை. நகரச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அன்றைக்குக் குடித்த காபி மாதிரி சமீபத்தில் நான் குடித்ததில்லை. மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் மைக்கோடு காத்திருந்தார்.

அவரும்தான் தினமும் அதைவிடப் பெரிய சத்தம் போடுகிறார்… ஒரு டம்ளர் பால் இறங்கி நான் பார்த்ததில்லை!